தூக்குமெக்கின் நாய்களும் சுறாக்கறியும்

எங்கள் ஊரில் யாருடைய தூண்டிலில் சுறா மாட்டினாலும் சட்டென்று கத்தியை எடுத்துவிட மாட்டார்கள். "தூக்குமெக் பாத்தாச்சா?" என்று முதலில் கேட்பார்கள். அவள் வர வேண்டும். வந்து, சுறாவின் வயிற்றைத் தானே கிழித்து, முழங்கை வரை கையை விட்டுத் துழாவ வேண்டும். அவள் இல்லையென்று தலையாட்டிய பிறகுதான் மற்றவர்கள் கறி அறுப்பார்கள். அவள் தேடுவது தன் புருஷனை.

அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். இறந்தவரின் பெயரை ஒரு குழந்தைக்கு வைக்கும் வரை நாங்கள் வாயால் சொல்வதில்லை. உடல் கிடைக்காமல் பெயரைக் கொடுக்க மாட்டேன் என்று தூக்குமெக் ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஊரில் குழந்தைகள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன. அந்தப் பெயர் மட்டும் யாரிடமும் போய்ச் சேராமல் வெளியே நிற்கிறது.

அவர் போனது உறைந்த கடலின் மெல்லிய பனியில். பனி உடைந்து, மீன் ஏற்றிய நாய்ச் சறுக்குவண்டி தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது. நாய்கள் மட்டும் வீடு வந்து சேர்ந்தன, ஆளுக்கொரு துண்டு வாரை இழுத்துக்கொண்டு. தூக்குமெக் அந்த வார்களைத் தடவிப் பார்த்தாள். பல்லால் கடித்து அறுந்தவை அல்ல, கத்தியால் அறுத்தவை. கழுத்தளவு தண்ணீரில் கிடந்த மனிதர், தன்னோடு நாய்களும் மூழ்கக் கூடாதென்று அறுத்து விட்டிருக்கிறார். அன்றைக்கு அவள் அழவில்லை. நாய்களுக்குத் தீனி போட்டாள்.

இங்கே மூழ்கியவர்களைக் கடல் திருப்பித் தருவதில்லை. அடியில் சுறாக்கள் இருக்கின்றன. அவசரமே இல்லாத பிராணிகள். கண்ணில் வெள்ளைப் புழு தொங்க, குருடாகவே இருட்டில் அலைகின்றன. அவை என்ன தின்னும் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. ஊரே தன் நாய்களுக்குச் சுறாக்கறியை வேகவைத்துப் போட்டது. தூக்குமெக் வீட்டில் மட்டும் அது கிடையாது.

சீல் கறி இருந்தவரை அந்த வீம்பு செல்லுபடியானது. இந்தக் குளிர்காலம் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. சூரியன் மாதக்கணக்கில் மறைந்துவிட்ட பிறகும் கடல் உறையவில்லை, கறுப்பாகவே கிடந்து மூச்சு விட்டது. பனி எங்களுக்குப் பாதை என்றால் சீல்களுக்கு அது படுக்கை. படுக்கையில்லாத ஊரில் யார் தங்குவார்கள்? சீல்கள் வடக்கே போய்விட்டன. சீலை நம்பிய கரடிகள் கரையில் மாட்டிக்கொண்டு, வீடுகளுக்குப் பின்னால் வந்து நின்று பெருமூச்சு விட்டன. கடைசியில் பனி வந்தது, அதுவும் அரைகுறையாக. ஓட்டை போட்டுத் தூண்டில் இறக்கினால் கயிறு முழுக்க ஹாலிபட் மீன்களின் தலைகள்தான் வரிசையாக மேலே வந்தன. உடல்களைச் சுறா கடித்து எடுத்துக்கொண்டிருந்தது. மீனின் குடலையெல்லாம் அதே ஓட்டைக்குள் தள்ளிவிட்டு, சுறா ஏன் இங்கேயே சுற்றுகிறது என்று கேட்கிற புத்திசாலிகள் நாங்கள்.

நாய்களுக்கு விலா எலும்பு தெரிந்தது. அவள் கொழுந்தன் அவிக்கே வாயை அடக்க மாட்டான்.

"என்ன அண்ணி, நாய் வளக்கறீங்களா, எலும்புக்கூடு காய வெக்கறீங்களா?"

"உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போடா."

"ரெண்டு சுறா வெட்டி வெச்சிருக்கேன். வந்து எடுத்துக்குங்க."

"உங்க அண்ணனத் தின்னத நான் என் நாய்க்குப் போடணுமா? நல்லாருக்குடா உன் நியாயம்."

அவிக்கே பதிலுக்கு ஏதோ சொல்ல வந்து, அந்த மெலிந்த நாய்களைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணன் வார அறுத்து விட்டது இதுங்க பட்டினி கெடந்து சாகறதுக்கா, அண்ணி?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் விடியாத காலையில் நாய்களைப் பார்க்கப் போனவள், ஒரு சங்கிலியின் முனையில் கழுத்துப்பட்டை மட்டும் கிடப்பதைக் கண்டாள். பனியில் கரடித்தடம் இல்லை, ஒரு துளி ரத்தமும் இல்லை, நக்கித் துடைத்திருந்தது. மற்ற நாய்கள் அமைதியாக உட்கார்ந்து அவளையே பார்த்தன. குரைக்கவுமில்லை, வாலாட்டவுமில்லை. தன் நாய்களிடமே அவளுக்குப் பயம் வந்தது அன்றுதான். பயத்தைவிட அவமானம் அதிகமாக இருந்தது.

அன்றே நாய்களை வண்டியில் பூட்டிக்கொண்டு அவிக்கேயோடு கடல்பனிக்குப் போனாள். நடுப்பகல், தலைக்கு மேல் நிலா. கயிறு கனத்தது. ஓட்டையைக் கடப்பாரையால் பெரிதாக்கி இருவரும் இழுத்தார்கள். ஆள் நீளத்தில் ஒரு சுறா, துள்ளாமல், நனைந்த மரக்கட்டை மாதிரி வந்து கிடந்தது. அவிக்கே வழக்கப்படி விலகி நின்றான். தூக்குமெக் வயிற்றைக் கிழித்தாள். இதுவரை அவள் பார்த்த வயிறுகளில் சீல் இருந்தது, தூண்டில் முள் இருந்தது, ஒருமுறை மான்கொம்புகூட இருந்தது. இதில் ஒன்றுமே இல்லை. வெறும் சுருங்கிய தோல்.

"இதுவும் பட்டினிடா," என்றாள்.

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. மலைப்பக்கமிருந்து காற்று கிளம்பியிருந்தது.

"காத்து சரியில்ல அண்ணி, பனி ஒடஞ்சிடும், கெளம்புவோம்."

"என் நாய்ங்க இப்படியே வீடு வரைக்கும் இழுக்காது. ஒரு வாய் போட்டுட்டு வரேன், நீ முன்னாடி போ."

"மூணு தண்ணி மாத்தி வேக வைங்க. கறில விஷம் இருக்கு, அவசரப்பட்டீங்கன்னா நாய்ங்க குடிகாரனுங்க மாதிரி ஆயிடும்."

"எனக்கே சொல்லித் தரியா? போடா."

அவன் கிளம்பிப் போனான். சொன்னவளுக்குத்தான் இதில் பழக்கமே இல்லை. கொண்டுவந்திருந்த ஸ்டவ்வில் முதல் தண்ணீர் கொதித்ததும் நாய்கள் ஊளையிடத் தொடங்கின. இரண்டாவது தண்ணீர் வைக்கப் பனியை அள்ளினாள், அள்ளியதைக் கீழே போட்டாள். கறியை எடுத்து அப்படியே வீசினாள். அவை மெல்லாமல் விழுங்கின.

கொஞ்ச நேரத்தில் ஊளை நின்றது. முன்னால் ஓடும் வெள்ளைக்காது எழுந்து நான்கடி வைத்து, கால் பின்னி விழுந்தது. அடுத்தது உட்கார்ந்தபடியே சாய்ந்தது. எல்லா நாய்களும் வாயில் எச்சில் ஒழுக, கண் திறந்தபடி, அவளுக்குத் தெரியாத எதையோ பார்த்துக்கொண்டு கிடந்தன. அப்போதுதான் காலுக்கடியில் ஒரு சத்தம் கேட்டது, அடிக்கடலில் யாரோ கதவைத் திறப்பது போல. கரைப்பக்கம் பனி பிளந்து ஒரு கறுப்புக்கோடு விழுந்திருந்தது. இப்போதைக்கு ஒரே எட்டில் தாண்டிவிடலாம். ஆனால் அது அகலமாகிக்கொண்டிருந்தது.

தனியாக ஓடியிருந்தால் தப்பித்திருப்பாள். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசியிருக்க மாட்டார்கள். அவள் தூண்டிலை விட்டாள், ஸ்டவ்வை விட்டாள். நாய்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வண்டியில் அடுக்கினாள். வெள்ளைக்காதின் வாரைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு இழுத்தாள்.

வண்டி அசையவில்லை. மறுபடி இழுத்தாள். முழங்கால் மடங்கியது, கன்னம் பனியில் உரசியது. "வாங்கடி, வாங்கடா" என்று நாய்களையும் தன்னையும் சேர்த்துத் திட்டினாள். எழுந்து இன்னொரு தடவை முழு எடையையும் போட்டுச் சாய்ந்தாள். வண்டி நகர்ந்தது. நகர்ந்தது மட்டுமல்ல, லேசாகிவிட்டது. வார் தொய்ந்து அவளுடைய காலில் தட்டியது. பிளவைத் தாண்டும்போது வண்டியின் முன்மூக்கு தானாக உயர்ந்து, மறுகரையில் மெதுவாக இறங்கியது.

அவள் தோளுக்கு மேலாக நாய்களை மட்டும் பார்த்தாள். எல்லாம் தலையைத் தூக்கிப் பின்பக்கம் திரும்பியிருந்தன. வெள்ளைக்காதின் வால் வண்டிப் பலகையில் தப்புத்தப்பென்று அடித்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் அவள் பார்வையைக் கொண்டுபோகவில்லை. பார்க்கக் கூடாதென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவிக்கே எப்போதோ போய்ச் சேர்ந்திருந்த ஊரின் விளக்குகளை நோக்கி முகத்தை வைத்துக்கொண்டு நடந்தாள். கண்ணீர் இமையில் உறைந்து ஒட்டியது.

"மெல்லத் தள்ளுங்க," என்றாள், "நாய்ங்க கீழ விழுந்துடும்."