கீழ் வரியை மறைத்த அட்டை

யாராவது நம் மொழியில் பேசினால், பதில் சொல்வதற்கு முன் எக்ஸ்ரே அக்கா ஒருமுறை இந்தப் பக்கமும் ஒருமுறை அந்தப் பக்கமும் பார்ப்பாள். "என்னக்கா, ரோட்டைக் கடக்கப் போறியா?" என்று வார்டுப் பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சிரித்து வைப்பாள். பத்தொன்பது வருடமாக அந்த ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை வாசலில் நிற்கிறாள். பேர் சொல்லிக் கூப்பிடுவது, சங்கிலி வளையலைக் கழற்றச் சொல்வது, உள்ளே அனுப்புவது அவள் வேலை. கலவரம் நடந்த வருடம், பஸ்ஸில் நம் மொழி பேசியதற்காக அவளுடைய தம்பியைப் பாதி வழியில் இறக்கி அடித்தார்கள். அவள் கழுத்து அதிலிருந்துதான் அப்படித் திரும்பப் பழகியது.

அரசாங்கக் கட்டிடங்களில் பலகைகள் இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எக்ஸ்ரே அறைக் கதவிலும் புதுப் பலகை மாட்டினார்கள். மேல் வரி அவர்கள் மொழி. கீழ் வரி நம் மொழி: 'கர்ப்பிணியாக இருந்தால் உள்ளே வருமுன் சொல்லுங்கள்.' அந்த நீண்ட வராந்தாவில் நம் எழுத்தைப் பார்த்தபோது அக்கா நின்று இரண்டு தரம் படித்தாள். எல்லாம் ஒரு வாரம்தான். பஸ் நிலையத்துப் பலகையில் கீழ் வரிக்கு மட்டும் தார் பூசினார்கள். தபால் ஆபீசில் கீழ்ப் பாதியை அறுத்தே எடுத்துப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை அவள் டியூட்டி பட்டியல் ஒட்டிய அட்டையைச் சுவரிலிருந்து எடுத்து, பலகையின் கீழ் வரி மறையும்படி தொங்கவிட்டாள். யாரும் சொல்லிச் செய்யவில்லை. தார் விழாமல் இருக்கட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நம் பெண்களிடம் வாயால் கேட்டுவிட்டால் போயிற்று. அப்படியே நான்கு மாதம், குரலைத் தாழ்த்தி, கேட்டுக்கொண்டும் இருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, படியில் வழுக்கி விழுந்த பெண் ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும். சீட்டில் இருந்த பேரைப் பார்த்ததுமே நம் பெண் என்று அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கென்று கதவருகே அவர்கள் பக்கத்து இளைஞர்கள் மூன்று பேர், கை உடைந்த நண்பனோடு நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்கா இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு அவர்கள் மொழியிலேயே கேட்டாள்: "கர்ப்பமா இருக்கியா?"

"இல்லை" என்றாள் அந்தப் பெண், அதே மொழியில், சட்டென்று.

அந்த மொழியில் நம்மவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் வார்த்தை அதுதான். பையில் ஏதாவது இருக்கா? இல்லை. யாரையாவது பாத்தியா? இல்லை. கேள்வி புரியாவிட்டாலும் இல்லை என்று சொன்னால் விட்டுவிடுவார்கள். சோதனைச்சாவடியில் நின்ற எவருக்கும் இது தெரியும். அக்காவுக்கும் தெரியும். தெரிந்தேதான் கதவைத் திறந்துவிட்டாள்.

படம் எடுத்து முடிந்து, பெஞ்சில் உட்கார்ந்த பெண் வாயைப் பொத்திக் குமட்டினாள். இளைஞர்கள் உள்ளே போயிருந்தார்கள். அக்கா பக்கத்தில் போய், "என்னம்மா செய்யுது?" என்று நம் மொழியில் கேட்டாள்.

"ஐயோ, நம்ம ஆளாக்கா நீங்க? ஒண்ணுமில்ல. மூணாவது மாசம், காலையில இருந்து இதே பாடுதான்."

அக்கா படம் எடுப்பவரிடம் ஓடிச் சொன்னாள். அவர் டாக்டரைக் கூப்பிடப் போனார். அந்த ஐந்து நிமிஷத்தில் அவள் அட்டையைக் கழற்றிப் பழையபடி சுவரில் மாட்டிவிட்டாள்.

"கதவுல பலகை இருக்கா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் டாக்டர்.

"ரெண்டு பாஷையிலயும் பளிச்சுன்னு இருக்கு சார்" என்றார் படம் எடுப்பவர். "எங்க பாஷை எங்க பாஷைன்னு சண்டை போட்டு வாங்குவாங்க. வாங்கினதைப் படிக்கத்தான் ஆளில்ல." அவர் பொய் சொல்லவில்லை. அட்டை தொங்கியதே அவருக்கு நினைவில்லை. அவருக்கு வேண்டிய வரி எப்போதும் மேலேதான் இருந்தது.

வார்த்தை புரியாவிட்டாலும் திட்டு விழுகிறது என்று பெண்ணுக்குப் புரிந்தது. அவள் பலகையைப் பார்த்தாள், அப்புறம் அக்காவைப் பார்த்தாள். "அக்கா, நான் வந்தப்போ இது இல்லையே. நல்லாப் பாத்தேனே. நீங்க இங்கதான நின்னீங்க? நீங்களே சொல்லுங்கக்கா."

"என்ன சொல்லுது அது?" என்றார் டாக்டர்.

"கவனிக்கலைன்னு சொல்லுது சார்" என்றாள் அக்கா.

"ஒரு படம்தான், பயப்பட ஒண்ணுமில்லைன்னு சொல்லு. இனிமேலாவது கண்ணைத் திறந்து பாத்து வரச் சொல்லு."

அக்கா முதல் பாதியை இரண்டு தரம் சொன்னாள். இரண்டாம் பாதியைச் சொல்லவில்லை. அதனால் என்ன? பெண்ணின் மாமியார் அதை ஆறு மாதம் தினமும் சொன்னாளாம். பிரசவ வார்டில் நடுவே தொட்டில் இருக்க, அந்தப் பெண்ணே சொல்லி அழுதாள்: "நான் குருடிதான்க்கா. கண்ணு முன்னாடி இருந்ததைப் பாக்காம போயிட்டேனே."

வாய் வரைக்கும் வந்தது. வராந்தாவில் யாருமில்லை, பயப்படக் காரணமுமில்லை. "அழாதம்மா, பால் கட்டிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கா வெளியே வந்துவிட்டாள். வீட்டில் கணவனிடம் சொன்னபோது, "அவகிட்ட சொல்லேன்" என்றான். "வேலை போயிடும்" என்றாள். "அதுக்குத்தான் பயமா?" என்று கேட்டான். அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

குழந்தைக்கு இப்போது நான்கு வயது. ஒரு குறையும் இல்லை. தாய் ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் ஒவ்வொரு கதவிலும் நின்று பலகையை விரல் வைத்துப் படிக்கிறாள். அப்புறமும் நம்பாமல், "நான் எதையாவது விட்டுட்டேனாக்கா?" என்று கேட்கிறாள். "இல்லம்மா" என்கிறாள் அக்கா. அன்று அங்கே ஒரு அட்டை தொங்கியதை இதுவரை அவளிடம் சொல்லவில்லை.