ஷெட்டுக்குள் நுழையும் முன் ஒரு செருமல்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ருக்குமணியக்காவைப் பற்றி எழுத அவருடைய சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இருக்கிறார்கள். நான் வாரம் இரண்டு முறை அவருடைய கறிக்கோழிப் பண்ணையைப் பார்த்துவிட்டுப் போகும் சூப்பர்வைசர் மட்டுமே, குஞ்சும் தீவனமும் தரும் கம்பெனியின் ஆள். பேச வராததால் எழுதுகிறேன்.

அன்னூர்ப் பக்கம் வேறொரு பண்ணையில் கோழிகளை எடைபோட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய பக்கத்துத் தோட்டத்துக்காரர் கூப்பிட்டார். "ஏனுங்க அம்மணி, ருக்குமணி காத்தால எந்திரிக்கவே இல்லீங்க. போயிருச்சு. கோழியெல்லாம் கத்துது, யாரு தண்ணி உடறதுன்னு தெரியலைங்க." நான் போனபோது வீட்டு வாசலில் கூட்டம் இருந்தது. அங்கே நிற்கத் தெரியாமல் நேராக ஷெட்டுக்குப் போய்விட்டேன். கோழிகள் கதவோரம் அடைந்து நின்றன.

வேலையில் சேர்ந்த புதிதில் அதே கதவைச் சட்டென்று திறந்துவிட்டேன். கோழிகள் மிரண்டு மூலையில் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. அடியில் சிக்கிய சில மூச்சுமுட்டிச் செத்தன. அக்கா திட்டவில்லை. "செருமிட்டு உள்ள போ கண்ணு. ஆள் வருதுன்னு அதுகளுக்குத் தெரியோணுமல்ல? உன்ற சத்தம் உனக்கே கேக்காதாட்ட இருக்குது" என்று சிரித்தார்.

இன்னொரு நாள் குஞ்சுகளின் கண்ணில் தடுப்புமருந்துச் சொட்டு விட்டுக்கொண்டிருந்தோம். வழியில் போன ஒருவர் கம்பிவலையருகே நின்று, "பெருக்க வெக்கற மருந்துங்களா?" என்றார்.

"இது வெள்ளைக்கழிச்சல் வராம இருக்கறதுக்குங்க. புள்ளைகளுக்குப் போலியோ சொட்டு உடறதில்லீங்களா, அந்த மாதர. பெருக்கறதுக்கு ஊசின்னா ஐயாயிரம் கோழியையும் தெனம் புடிச்சுப் போட ஆளு வேணும். நீங்க வாரீங்களா?" என்றார் அக்கா.

நாற்பது நாளில் இரண்டு கிலோ வருவது தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனத்தாலும் மக்காச்சோளம், சோயாத் தீவனத்தாலும்தான். ஆனால் அக்கா எதையும் பூசி மெழுகியதில்லை. "அதுக்காவ சொகமா வளருதுன்னு சொல்லமாட்டேன். கனம் தாங்காம உக்காந்துக்குது பாரு" என்பார். நொண்டும் கோழிகளைத் தனியே பிரித்து, தண்ணீர்த் தட்டைத் தாழ்த்தி வைப்பார். சீக்குக்கு மருந்து கொடுத்திருந்தால், அது கறியிலிருந்து நீங்கக் குறித்த நாட்கள் தீரும்வரை கோழி ஏற்றும் லாரியை உள்ளே விடமாட்டார்.

இனி எழுதுவதற்குத்தான் இத்தனை தயக்கம். இரண்டு வருடங்களுக்கு முன் அவருடைய தங்கை மகள் பத்து வயதில் பெரியவளானாள். சீரன்று பந்தியில் எல்லோர் முன்னாலும் தங்கை சொன்னார்: "உன்ற ஊசிக் கோழியத் தின்னுதான் எம்புள்ளைக்கு இப்படி ஆச்சு. இனி எங்க ஊட்டுப் பக்கம் எதுவும் கொண்டுட்டு வராத."

அக்கா, தன்னோடு கூட்டிப்போய்ப் பக்கத்து இலையில் உட்காரவைத்திருந்த என் பக்கம் திரும்பினார். "அம்மணி, நீ படிச்சவ. சொல்லு."

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கோழிக்கு ஹார்மோன் எதுவும் கொடுப்பதில்லை என்று எனக்குத் தெரியும். ஏன் சீக்கிரம் ஆனாள் என்பதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும் என்றும் தெரியும். நான் இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா பாதியில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

அதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. ஞாயிறுதோறும் தங்கை வருவாள் என்று கோழிக்குழம்பு வைப்பதையும் விடவில்லை. திங்கட்கிழமை நான் போனால் அந்தக் குழம்பு அப்படியே இருக்கும். இருவரும் சூடாக்கிச் சாப்பிடுவோம். அவர் வாசல் தெரியும்படி உட்காருவார்.

இப்போது எந்தப் பண்ணைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே நின்று ஒருமுறை செருமுகிறேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

அக்காவின் தங்கையே, உங்களிடம்தான் கேட்கிறேன். கருமாதி முடிந்து கறி சமைக்கும் நாளில், அக்கா வளர்த்த கடைசிக் கோழிகளில் ஒன்றை அவருக்குப் படைக்கும் இலையில் வையுங்கள். பந்தியின் கடைசியில் எனக்கும் ஓர் இலை போடுங்கள். நான் எழுந்து செருமினால், அன்று சீர்ப் பந்தியில் சொல்லாததைச் சொல்லி முடிக்கும்வரை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.