கயிற்றுக்குள் ஒரு யானை

காட்சிக்கூடங்களில் என் ஓவியங்களுக்கு முன்னால் கயிறு கட்டும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பக்கத்தில் நிற்கும் பெரிய மனிதர்கள் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

போன மாதம் ஓர் அருங்காட்சியகத்தில் கேட்டார்கள், நான் அரிசிமாவும் செம்மண்ணும் கொண்டு போட்ட தரை ஓவியத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாமா என்று. எறும்பு வருமே என்றேன். மருந்தடித்துவிடலாம் என்றார்கள். அருங்காட்சியகங்கள்மேல் எனக்கு ஒன்றும் கோபமில்லை. என் படம் அங்கே சுவரேறினால் உடனே அம்மாவுக்கு வீடியோ எடுத்து அனுப்புகிறவள்தான் நான். இருந்தாலும் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நானே ஒரு காலத்தில் அருங்காட்சியகம் நடத்தியவள். அது ஒரு நாள்தான் ஓடியது.

அரிமளத்தில் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியிலிருந்து எங்களைப் புதுக்கோட்டைக்கு அருங்காட்சியகம் பார்க்க அழைத்துப் போனார்கள். அங்கே வாய் உடைந்த ஒரு பானையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு பானை இருந்தால் அம்மா என்றைக்கோ தூக்கிப் போட்டிருப்பாள். “ஒசத்தியான பொருளத்தான் இப்புடிக் கயிறு கட்டிக் காப்பாத்துவாங்க” என்றார் டீச்சர். வீடு திரும்பும் வரை எங்கள் வீட்டில் உசத்தியாக என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அத்தையின் கோலம் ஒன்றுதான் நினைவுக்கு வந்தது.

அத்தை அப்பாவின் தங்கை. திருமயத்தில் மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டில் ஒரு சாவு விழுந்து ஏற்கெனவே ஒருமுறை தள்ளிப்போன கல்யாணம் அது. இன்னொரு தடவை தள்ளினால் அப்படியே முறிந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை மட்டும் ஒன்றும் நடக்காததுபோல விடிந்ததும் வாசலில் உட்கார்ந்து கோலம் போடுவாள். அன்று போட்டிருந்தது யானை. தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு, யாரையோ பார்த்துச் சிரிக்கிற யானை.

சாயங்காலமே துணி உலர்த்தும் கயிற்றை அவிழ்த்து, முருங்கை மரத்துக்கும் கேட்டுக்குமாகச் சுற்றிக் கட்டினேன். சிலேட்டில் ‘தொடாதே’ என்று எழுதிச் சாய்த்து வைத்தேன். அப்பா பார்த்துச் சிரித்துவிட்டுப் பின்வாசல் வழியாக வந்தார். அத்தை, “எறும்புக்கும் படிச்சுக் காட்டுடி” என்றாள்.

மறுநாள் பள்ளி விடுமுறை. ஜாக்கெட் வாங்க அம்மாவும் அத்தையும் முதல் பஸ்ஸில் புதுக்கோட்டைக்குக் கிளம்பினார்கள். அப்பா பத்திரிகை வைக்கப் போய்விட்டார். “வெளையாடினது போதும். தண்ணி தெளிச்சு, நாலு புள்ளி வச்சாவது ஒரு கோலத்தப் போட்ருடி” என்று அம்மா சொல்லிவிட்டுத்தான் போனாள். தெளித்தால் யானை போய்விடுமே. போதாததற்கு மழை வேறு தூற ஆரம்பித்தது. உள்ளே ஓடி, அறைக்குள் கட்டியிருந்த கொடியில் கிடந்த தாத்தாவின் வெள்ளை வேட்டியை உருவி வந்து யானைமேல் விரித்து, மூலைக்கொரு கல் வைத்தேன். கதவையும் சாத்திக்கொண்டேன்.

தாத்தா என்றால் அப்பாவின் பெரியப்பா. காய்ச்சலில் ஒரு வாரமாகப் பின்கட்டில் படுத்திருந்தார். அது தெருவுக்கே தெரியும். விடிந்து வெகுநேரமாகியும் தெளிக்காத, கோலமில்லாத வாசல், சாத்திய கதவு, கயிற்றுக்குள் ஒரு வெள்ளைத் துணி. பால்காரர் ஹாரன் அடிக்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். டீக்கடையில் அவர் சொன்னது எட்டு மணிக்கெல்லாம் போனில் திருமயம் போய்ச் சேர்ந்துவிட்டது.

பதினொரு மணி இருக்கும், நான் பின்வாசலில் உட்கார்ந்து பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தெருக்கோடியில் ஒரு பெண் ராகம் போட்டு அழுதுகொண்டு வருவது கேட்டது. கதவைத் திறந்து பார்த்தால் வாசல் நிறைய ஆட்கள். மாப்பிள்ளையின் அப்பா கையில் ரோஜா மாலையோடு நின்றிருந்தார். அந்த நேரத்தில்தான் அம்மாவோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அத்தை கூட்டத்தைப் பார்த்தாள், மாலையைப் பார்த்தாள், வேட்டியைப் பார்த்தாள். பை கையிலிருந்து நழுவி விழுந்தது. “எம் பெரியப்பா” என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுததை நான் அதுவரை பார்த்ததில்லை.

பின்கட்டிலிருந்து துண்டைப் போர்த்திக்கொண்டு தாத்தா எழுந்து வந்தார். “என்னங்கடா கூட்டம்? எங்கிட்டுச் சாவு?” என்றார்.

ராகம் பாதியில் நின்றது. மாப்பிள்ளையின் அப்பா மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகப் பார்த்தார். அது அவ்வளவு சின்ன மாலை இல்லை. அப்புறம் என்ன தோன்றியதோ, கயிற்றைத் தாண்டி வந்து தாத்தாவின் கழுத்தில் போட்டார். “ஒடம்புக்கு முடியலன்னாங்க. பெரியவங்களப் பாத்து ஒரு மரியாத செஞ்சுட்டுப் போவலாம்னு வந்தோம்.”

“இந்தக் காய்ச்ச அடிக்கடி வரலாம்போல இருக்கே” என்று தாத்தா மாலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். முதலில் அம்மாதான் சிரித்தாள். பிறகு தெருவே சிரித்தது. கல்யாணம் குறித்த நாளில் நடக்கும் என்று மாப்பிள்ளையின் அப்பா வாயாலேயே வந்துவிட்டது.

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். என்னை அடிக்கவில்லை. கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு வேட்டியைத் தூக்கினாள். யானை பாதி வேட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது, மீதி சேறாகியிருந்தது. சம்பந்திகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாசலைத் தெளித்து, மாவுக் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். “அந்த யானையையே போடுங்க அத்தை” என்று அழுதேன். “அது நேத்தே முடிஞ்சு போச்சுடி. அழுவாம தள்ளி நில்லு, எடம் வேணும்” என்றாள். விரலிடுக்கில் மாவு இறங்க இறங்க இரண்டு மயில்கள் வந்தன. மாப்பிள்ளையின் அப்பா அவற்றை மிதிக்காமல் ஓரமாக நடந்து போனார்.

கல்யாணம் முடிந்த மறுநாள் எங்கள் வாசலில் அம்மா நாலு புள்ளி வைத்து ஒரு கோலம் போட்டாள். எனக்குப் பிடிக்கவே இல்லை. அந்த வாரமெல்லாம் எழுந்ததும் ஓடிப்போய் முருங்கை மரத்தடியில் யானையின் கால், காது ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று தேடினேன். அத்தையோடு அது திருமயம் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டது என்பதும், அங்கே வேறொரு வாசலில் கல்யாணத்துக்கு மறுநாள் காலையே அவள் கையால் தும்பிக்கையைத் தூக்கி நின்றது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.