குளத்தில் தோற்ற கடற்கரைக்காரர்

எண்ணூர்ப் பக்கத்துப் படைப் பயிற்சிப் பள்ளி ஒன்றில், பயிற்றுநர்கள் அனுப்பும் மதிப்பெண்களைக் கணினியில் பதிவது என் பணி. ஒருமுறை, காத்திவாக்கத்து மீனவர் மகனான பயிற்சி வீரர் ஒருவர் நீச்சலில் தோல்வி என்று தாள் வந்தது. மறுதேர்விலும் தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கடலில் வளர்ந்தவர் குளத்தில் தோற்பாரா? பயிற்றுநர் வேண்டுமென்றே அப்படி எழுதியதாக ஐயுற்றேன். அந்தப் பயிற்றுநர் அனுப்பிய பழைய தாள்களையெல்லாம் புரட்டினேன். ஓர் அடித்தல்கூட இல்லை. அதுவே என் ஐயத்தை வளர்த்தது.

மறுதேர்வன்று, ஏதோ கையெழுத்து வாங்க வந்தவனைப்போலக் குளத்தருகே நின்றேன். மீனவர் மகன் எல்லோரையும் முந்தினார்; ஆனால் தலை நீருக்கு மேலேயே இருந்தது. பயிற்றுநர் விசில் ஊதினார்.

“மூஞ்சியத் தண்ணிக்குள்ள வைன்னு எத்தனை தடவடா சொல்றது?”

“வச்சிக்கினா அலை எங்கேந்து வருதுன்னு எப்டி சார் தெரியும்?”

“இது குளம்டா! எவன்டா அலை அனுப்பப் போறான்?”

எல்லோரையும் மீண்டும் நீந்தச் சொன்னார். இம்முறை மீனவர் மகன் முகத்தை அமிழ்த்தி, மூச்சு முட்டி, கடைசி ஆளாகக் கரையேறினார். தேர்ச்சி என்று எழுதித் தாளை என்னிடமே நீட்டினார் பயிற்றுநர். அவர்மீதிருந்த ஐயம் தீர்ந்தது. ஆனால் அதைக் கணினியில் பதிந்தபோது, இதே நீச்சலை அந்த மீனவர் மகன் கடலிலும் நீந்திவிடுவாரோ என்ற புதிய ஐயம் என்னைப் பற்றிக்கொண்டது.