இமெல்டா கேட்ட உண்மைக் கடிதம்

மொன்றியலின் லாசால் பகுதியில் அந்தக் காலத்தில் இமெல்டாவின் கையால் செய்த ரோல்ஸைச் சாப்பிடாத தமிழர் குறைவு. பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கென்றாலும் கிறிஸ்தவப் பிள்ளைகளின் முதல் நன்மை விருந்தென்றாலும் தியாகராசாவின் கேற்றறிங்கில் இருந்துதான் சாப்பாடு போகும். அதில் முக்கால்வாசி அவள் சமைத்தது. ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் வாரத்துக்கு ஐம்பது மணித்தியாலத்துக்குக் குறையாமல் நின்று அவள் மாவைத் தட்டினாள், சுருட்டினாள், பொரித்தாள். சனிக்கிழமை பின்னேரம் தியாகராசா ஒரு கடித உறையை நீட்டுவார். உள்ளே தாள்காசு இருக்கும். கையெழுத்தும் இல்லை, வரியும் இல்லை.

மன்னார் பேசாலையில் பிறந்தவள். இரண்டாயிரத்தில் அகதியாக மொன்றியலுக்கு வந்திறங்கியபோது வயது முப்பது. வந்த புதிதில் எல்லோரையும் போல அவளும் அரசாங்க உதவிப்பணம் எடுத்தாள். சமையல் வேலை கிடைத்த மாதமே தானாக அந்த அலுவலகத்துக்குப் போய், தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லை வைத்துச் சமாளித்து, இனி வேண்டாம் என்று நிறுத்திவிட்டு வந்தாள். கையில் சம்பளத்தையும் வாங்கிக்கொண்டு உதவிப்பணத்தையும் விடாதவர்கள் அவளைப் பிழைக்கத் தெரியாதவள் என்றார்கள். பிழைக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேரை நாங்களும் பார்த்துவிட்டோம், அந்தக் கதை இப்போது வேண்டாம்.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு வைகாசியில் திருச்சிக்குப் போய் அம்புறோஸைக் கலியாணம் முடித்தாள். அவனும் பேசாலைதான். தொண்ணூறில் படகில் இந்தியாவுக்குப் போனவன், தாயோடு அங்கேயே தங்கி, இயந்திரம் திருத்திப் பிழைத்துக்கொண்டிருந்தான். ஐந்து கிழமை சேர்ந்து இருந்தார்கள். அந்த ஐந்து கிழமையில் அவள் முப்பத்தைந்து வருடத்தில் சிரிக்காத அளவுக்குச் சிரித்தாள். பிறகு அவனை ஸ்பொன்சர் செய்து கூப்பிடுவதாகச் சொல்லி விமானம் ஏறினாள்.

நம்மவர் வழக்கத்தில் ஆண் கூப்பிடுவான், பெண் பெட்டி நிறையச் சேலையோடு வந்திறங்குவாள். இங்கே பெண் கூப்பிடப்போகிறாள் என்றதும் கோயில் வாசலிலும் கடை வாசலிலும் வாய்கள் திறந்தன. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா. எவ்வளவு வருமானம் காட்டவேண்டும் என்று கேட்டால் ஒருவர் இருபதாயிரம் என்றார், இன்னொருவர் இருபத்தெட்டு என்றார், லவாலில் இருந்து வந்த ஒருவர் முப்பத்தைந்துக்குக் கீழே போனால் கடுதாசியைத் திறந்தும் பார்க்கமாட்டார்கள் என்று அடித்துச் சொன்னார். அவர் தன் வாழ்நாளில் யாரையும் கூப்பிட்டதில்லை.

அவளோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தவள் கௌரி. சாவகச்சேரிக்காரி, இமெல்டாவை விட ஐந்தாறு வயது மூத்தவள், சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் குசினி மேசையில் படிவங்களைப் பரப்பிவைத்து நிரப்பத் தொடங்கினார்கள். பெயர், பிறந்த திகதி, கலியாணத் திகதி எல்லாம் ஓடிப்போனது. கடந்த பன்னிரண்டு மாதத்தில் எங்கே வேலை, எவ்வளவு சம்பளம், அதற்கு என்ன ஆதாரம் என்ற இடம் வந்ததும் இமெல்டாவின் பேனா நின்றுவிட்டது. நாலு வருடம் ஒரு நாள் விடாமல் உழைத்தவள், கடுதாசியில் ஒரு நாளும் வேலை செய்யவில்லை. உதவிப்பணமும் எடுக்கவில்லை, வேலையும் செய்யவில்லை என்றால் அந்தப் படிவத்தைப் பார்க்கிற அதிகாரி அவள் காற்றைக் குடித்து வாழ்ந்தாள் என்றுதான் நினைக்கவேண்டும்.

மறுநாள் அவள் தியாகராசாவிடம் கடிதம் கேட்டாள். மனுசன் கெட்டவர் இல்லை, முகம் மலர்ந்துவிட்டது. மானேஜர் என்று போடலாம், வருடம் முப்பத்தையாயிரம் என்று போடலாம், இப்போதே அடிப்போம் என்று கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"அண்ணை, மானேஜர் வேண்டாம்," என்றாள் இமெல்டா. "சமைக்கிறன் எண்டு எழுதுங்கோ. நீங்கள் தாற காசை எழுதுங்கோ. இனிமேல் கிழமைக்குக் கிழமை ஸ்லிப்போடை தாங்கோ."

தியாகராசாவின் விரல்கள் நின்றன. அப்படிச் செய்தால் அரசாங்கத்துக்கு அவளுக்காகத் தானும் கட்டவேண்டி வரும், வரி வெட்டினால் அவள் கைக்கும் குறையும், இந்தச் சின்ன யாவாரத்துக்கு அது கட்டாது என்று நிறைய நேரம் விளக்கினார். கடிதம் என்றால் எத்தனை வேண்டுமானாலும் தரலாம், ஸ்லிப் மட்டும் கேட்காதே என்றார். பொய்யை எழுதச் சொன்னால் முப்பத்தையாயிரமும் துள்ளிக்கொண்டு வருகிறது. உண்மையை எழுதச் சொன்னால் பத்து டொலருக்கும் கை நடுங்குகிறது. இமெல்டா அந்த வேலையை விட்டாள். அந்தக் கிழமைக்கு ஏற்றிருந்த இருநூறு பற்றிஸையும் பொரித்துக் கொடுத்துவிட்டுத்தான் ஏப்பிரனைக் கழற்றி மடித்து வைத்து வெளியே வந்தாள்.

திருச்சியில் இந்தச் செய்தி நன்றாக இறங்கவில்லை. அம்புறோஸுக்கு அவள் செய்தது விளங்கவே இல்லை. எல்லோரும் செய்வதைத்தானே அந்த அண்ணையும் சொன்னார், கடிதத்தை வாங்கி அனுப்பியிருந்தால் இந்நேரம் பாதி அலுவல் முடிந்திருக்குமே என்றான். அவள் வேண்டுமென்றே இழுத்தடிப்பதாகத் தாய் சொல்கிறாள் என்றும் சொன்னான். பிறகு, சொல்லக்கூடாததையும் சொன்னான்.

"உனக்கு நான் வாறது விருப்பமில்லையோ?"

 இமெல்டா குரலைத் தளரவிடவில்லை. "என்ரை பேரைச் சொல்லித்தானே வரப்போறியள். நான் உழைச்சதைக் காட்டித்தான் நீங்கள் வரோணும்."

அவன் போனை வைத்துவிட்டான். மூன்று கிழமை அவள் எடுத்த அழைப்புகளை எடுக்கவில்லை. பூசைக்குப் போனால் பீடத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலியாணம் முடித்த அதே வருடத்தில் புருசனை இழந்துவிடுவேனோ என்ற பயம் அவளைத் தின்றது. அப்படியிருந்தும் தியாகராசாவிடம் திரும்பிப் போகவில்லை.

புரட்டாதி மாதம் கௌரி வேலை செய்த தொழிற்சாலையில் ஆள் எடுத்தார்கள். இரண்டு பஸ், இடையில் மெற்றோ, காலை ஏழு மணிக்கு வெள்ளைக் கோட்டும் தலைமுடியை மூடும் வலையும் போட்டு வரிசையில் நிற்கவேண்டும். பெல்ற்றில் வருகிற மருந்துப் பெட்டிக்குள் மடித்த தாளை வைத்து மூடி அனுப்புவது வேலை. மணித்தியாலத்துக்கு ஏழு டொலர் அறுபது சதம், சட்டம் அனுமதித்த ஆகக் குறைந்த கூலி. வரி வெட்டிய பிறகு பார்த்தால் தியாகராசா கொடுத்ததை விடக் குறைவுதான்.

இரண்டாவது கிழமை முதல் பே ஸ்லிப் வந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் வெட்டுப்பட்ட காசைப் பார்த்து அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். இமெல்டா தன் பெயரைப் பார்த்தாள், எண்பது மணித்தியாலம் என்று இருந்ததைப் பார்த்தாள், ஓய்வூதியத்துக்கு இவ்வளவு, வேலையில்லாக் காப்புறுதிக்கு இவ்வளவு என்று வெட்டியதையும் ஒவ்வொன்றாக வாசித்தாள். வாசிக்க வாசிக்க முகம் விரிந்தது.

"வரி வெட்டினதுக்குச் சிரிக்கிற ஆளை இப்பதான் பாக்கிறன்," என்றாள் கௌரி.

"எலி வளையெண்டாலும் தனி வளை வேணும் அக்கா," என்று சொல்லி இமெல்டா அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

அதன் பிறகு அவள் வேலை செய்த விதத்தைப் பற்றி அந்தத் தொழிற்சாலையில் இப்போதும் சொல்வார்கள். சனிக்கிழமை மேலதிக வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் முதல் கை அவளுடையது. இயந்திரம் எங்கே இறுகும், எந்தச் சத்தம் வந்தால் நிறுத்தவேண்டும் என்று திருத்த வருகிறவரிடமே கேட்டுப் பிரெஞ்சுப் பெயர்களோடு படித்துக்கொண்டாள். ஆறாம் மாதம் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்தார்கள். ஞாயிறு தவறாமல் திருச்சிக்கு அழைப்பாள். அம்புறோஸ் போனை எடுக்கத் தொடங்கியிருந்தான், ஆனால் சாப்பிட்டியா, குளிரா என்பதற்கு மேல் கதை போகாது. அவள் தன் வரிசையில் ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி போகிறது என்று சொல்லுவாள். அவன் ம் என்பான்.

ஒரு முழு வருடத்துக்கான சம்பளப் பத்திரம் கையில் வரும்வரை படிவத்தை அனுப்புவதில்லை என்று அவள் வைராக்கியமாக இருந்தாள். இரண்டாயிரத்து ஏழு மாசியில் அது வந்தது. பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். ஊர் சொன்ன எந்தத் தொகைக்கும் அது எட்டவில்லை. இருந்தாலும் கௌரியையும் கூட்டிக்கொண்டு, குடிவந்தவர்களுக்குப் படிவம் நிரப்ப உதவும் ஒரு நிலையத்துக்குப் போனாள்.

அங்கே இருந்த பிரெஞ்சுக்காரப் பெண் பத்திரங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள், பிள்ளைகள் இல்லாத புருசனைக் கூப்பிடுவதற்கு இவ்வளவு வருமானம் என்று எல்லை கிடையாது, அரசாங்க உதவிப்பணத்தில் இருக்கக்கூடாது, நீ எப்படி வாழ்கிறாய் என்பதை உண்மையாக எழுதவேண்டும், அவ்வளவுதான். கௌரி தலையில் கை வைத்தாள். "அப்ப ஒண்டரை வருசம் அநியாயமாய்ப் போச்சே பிள்ளை."

"எப்பிடி வாழுறன் எண்டு எழுத அப்ப என்னட்டை என்ன அக்கா இருந்தது?" என்றாள் இமெல்டா.

அந்தப் பெண், தொகை எழுதத் தேவையில்லை, தொழிற்சாலைக் கடிதம் போதும் என்றாள். இமெல்டா கேட்கவில்லை. பத்தொன்பதாயிரத்தையும், சொச்சத்தையும், சதத்தையும் எழுதச் சொல்லி அடம்பிடித்தாள். அந்த இலக்கத்தை அவள் எவருக்கும் ஒளிக்கத் தயாராக இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மாகாண அரசோடு செய்யும் ஒப்பந்தமும் அங்கேதான் கையெழுத்தானது. மூன்று வருடத்துக்குப் புருசனின் சாப்பாடு, உடுப்பு, இருப்பிடம் எல்லாவற்றுக்கும் இமெல்டா பொறுப்பு. கோயிலில் குருவானவர் முன்னால் அம்புறோஸ் கொடுத்த வாக்கை இப்போது அவள் அரசாங்கத்துக்கு முன்னால் அவனுக்குக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் அதை ஒரு வரி விடாமல் அவனுக்குத் தமிழில் சொன்னாள்.  அவன் சரி என்று மட்டும் சொன்னான்.  அந்தச் சரிக்குள் கோபம் இருந்ததா வெட்கம் இருந்ததா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆண்பிள்ளையின் மானத்தில் அடித்துவிட்டேனோ என்று அன்று முழுக்க யோசித்தாள்.

விசா வந்தது. இரண்டாயிரத்து எட்டு மாசியில், பனி முழங்காலளவு நின்ற நேரத்தில் அம்புறோஸ் வந்திறங்கினான். வந்த இரண்டாம் கிழமையே பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தான். வீட்டில் நல்லவனாகத்தான் இருந்தான், அவள் வேலையால் வரும்போது சோறு ஆக்கி வைத்திருப்பான். ஆனால் அந்த ஒப்பந்தத்தைப் பற்றி அவனும் கதைக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

சித்திரையில் லவாலில் ஒரு மண்டபத்தில் தெரிந்த பிள்ளையொன்றின் முதல் நன்மை விருந்து. சாப்பாடு தியாகராசாவுடையது. பெண்கள் ஒரு பக்கமும் ஆண்கள் ஒரு பக்கமுமாக இருந்தார்கள். இமெல்டா பெண்களின் மேசையில், ஆண்களின் பேச்சு காதில் விழுகிற தூரத்தில், கௌரிக்குப் பக்கத்தில் இருந்தாள். தியாகராசா ரோல்ஸ் தட்டோடு ஆண்களின் மேசைக்கு வந்து, அம்புறோஸின் தோளில் கை போட்டார்.

"தம்பி, இப்ப என்ன செய்யிறீர்?"

"பிரெஞ்சு படிக்கிறன் அண்ணை. மனுசி உழைக்கிறா."

மேசையில் ஒருவர் செருமினார். இன்னொருவர், அப்ப மனுசியின்ரை சாப்பாடுதான் எண்டு சொல்லும், என்று பகிடி விட்டார். நாலு பேர் சிரித்தார்கள். இமெல்டாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. இவ்வளவு காலமும் பயந்துகொண்டிருந்த நேரம் இதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அம்புறோஸ் அவசரப்படவில்லை. வாயில் இருந்ததை விழுங்கினான்.

"ஓம், அவவின்ரை சாப்பாடுதான்," என்றான். "மூண்டு வருசத்துக்கு இவருக்குச் சாப்பாடு, உடுப்பு, வீடு எல்லாம் நான்தான் எண்டு அரசாங்கத்துக்குக் கையெழுத்து வைச்சுக் கூப்பிட்டவ. அதுக்கெண்டு ஒண்டரை வருசம் தொழிற்சாலை வரிசையிலை நிண்டு, சதக்கணக்குப் பிசகாமல் உழைச்சுக் காட்டினவ. முதலிலை எனக்கு விளங்கேல்லை, சண்டையும் பிடிச்சனான். இஞ்சை இருக்கிற ஆம்பிளையளிலை ஆருக்கு இப்பிடி ஒராள் எழுதிக் குடுத்திருக்கிறா, சொல்லுங்கோ பாப்பம்."

 பகிடி விட்டவர் தட்டைப் பார்த்தார். தியாகராசா தோளில் இருந்த கையை எடுத்துவிட்டு, சோறு வந்துவிட்டதா என்று பார்க்கப் போனார்.

 இமெல்டாவுக்கு அப்போது வந்த பெருமை பேசாலையில் இருந்து மொன்றியல் வரை எந்த நாளும் வந்ததில்லை. கௌரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதைக் கேட்க அவள் நிற்கவில்லை. தன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து, மண்டபத்தின் நடுவால் எல்லோரும் பார்க்க நடந்து போய், ஆண்களின் மேசையில் ஒரு கதிரையை இழுத்து அம்புறோஸுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டாள்.