மாடி அறைக்குப் பொறுப்பு சமீனா

செல்லூரில் வீட்டு புரோக்கர் யார் என்று கேட்டால் சமீனாவைத்தான் கைகாட்டுவார்கள். கணவர் சேக் மைதீனுக்கு விசைத்தறிக் கூடத்தில் வேலை. தறி ஓட்டம் குறைந்த ஒரு வருடம், எந்தச் சந்தில் எந்த போர்ஷன் காலியாகப்போகிறது என்பது தனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறதே என்று யோசித்த சமீனா, ஒரு பழைய ஸ்கூட்டியை வாங்கிக்கொண்டு இந்தத் தொழிலில் இறங்கினார்.

எந்த ஊர், என்ன ஆளுக, எத்தனை பேர், பெரியவங்க யார். வீட்டுக்காரர்கள் கேட்பதற்கு முன்னால் அவரே கேட்டுவிடுவார். ரோகிணி வரும்வரை அந்தக் கேள்விகளில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றியதில்லை.

ரோகிணி குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்தவள். பதினெட்டு முடிந்ததும் வெளியே வரவேண்டியதாயிற்று. ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது, தங்க இடம் கிடைக்கவில்லை. தோழி வீட்டில் சில நாள், பிறகு பஸ் ஸ்டாண்டில் பன்னிரண்டு நாள். துணிப்பையைத் தோளில் மாட்டியபடியே வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள்.

மூன்று வீடு காட்டினார் சமீனா. அப்பா அம்மா இல்லை என்று ரோகிணி சொன்னதும், மூன்று இடத்திலும் அறைக்கு ஏற்கெனவே ஆள் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். நாலாவது, கருத்தக்கண்ணன் வீட்டு மாடி அறை. அவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். மனதில் உள்ளதை மறைக்காமல் கேட்டார்.

"பொம்பளப் புள்ள. நாளைக்கு ஒண்ணுன்னா நான் யாருட்டம்மா போய்க் கேக்குறது?"

"எங்கிட்டக் கேளுங்கண்ணே. பத்திரத்துல எம்பேரப் போடுங்க."

ஏன் அப்படிச் சொன்னோம் என்று சமீனாவுக்கே விளங்கவில்லை. வீட்டில் சேக் மைதீன் சத்தம் போட்டார். "யாரு எவருன்னு தெரியாம கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்க."

"தெரிஞ்ச ஆளுக இருக்கவுகளுக்குத்தான் வீடு கிடைச்சிருதே" என்றார் சமீனா.

ஐந்து மாதம் கழித்து, அதே இல்லத்திலிருந்து செல்லக்கிளி வந்து ரோகிணியோடு சேர்ந்துகொண்டாள். அவளுக்குச் சோறாக்கத் தெரியாது. இல்லத்தில் நூறு பேருக்கு அண்டாவில் வேகும். ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று அவள் பார்த்ததே இல்லை. அரிசிப் பாத்திரத்தோடு இறங்கி வந்து பக்கத்து வீட்டு முருகம்மாளிடம் கேட்டாள். இந்தப் பெண்களிடம் யார் வருகிறார், யார் போகிறார் என்று அதுவரை ஜன்னல் வழியாக நோட்டம் விட்டுக்கொண்டிருந்தவர் முருகம்மாள்.

"அடியே, இம்புட்டும் போட்டா தெருவே திங்கலாம்" என்று சிரித்துவிட்டு மேலே ஏறிப் போனார். அதற்குப் பிறகு, குழம்பு கொடுக்க, முடி பின்னிவிட என்று அந்தப் படியில் அடிக்கடி ஏறி இறங்கினார்.

அந்த ஐப்பசியில் விடாத மழை. ஒரு வியாழக்கிழமை, செல்லக்கிளி மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை சமீனா பார்த்தார்.

"என்னடி, காய்ச்சலா?"

"லேசாத்தான்க்கா."

ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு சமயநல்லூருக்கு வீடு காட்டப் போய்விட்டார். சனிக்கிழமை ரோகிணி போனில் அழுதாள். டெங்கு. பெரியாஸ்பத்திரியில் ஐந்து நாள். ரோகிணியும் சமீனாவும் மாறிமாறி வார்டில் இருந்தார்கள். முருகம்மாள் கஞ்சி கொண்டுவந்தார். சேக் மைதீன் தறிக்கூடத்திலிருந்து நான்கு பேரை ரத்தம் கொடுக்க அழைத்துவந்தார். ஆறாம் நாள் காலை செல்லக்கிளி இறந்துபோனாள். பத்தொன்பது வயது.

உடலை வாங்கும் தாளில் என்ன உறவு என்று கேட்டிருந்தது. சமீனா 'அக்கா' என்று எழுதினார். அங்கிருந்தவர் இரண்டு பெயரையும் ஒருமுறை படித்துப் பார்த்தார். முத்திரை குத்திக் கொடுத்தார்.

தத்தனேரி சுடுகாட்டுக்குக் கிளம்பும்போது, பொம்பளைகள் அங்கே வருவதில்லை என்று யாரோ சொன்னார்கள்.

"அவளுக்கு நான்தான். எனக்கு அவதான். நான் வாரேன்" என்றாள் ரோகிணி. கருத்தக்கண்ணன் முன்னால் வந்தார். "ஏறு ஆத்தா" என்று வண்டிக் கதவைத் திறந்துவிட்டார். அவள் கொள்ளி வைத்தபோது விழாமலிருக்க முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான்.

ஒன்பதாம் நாள், இல்லத்திலிருந்து தகவல் கிடைத்து, மேலூர் பக்கத்திலிருந்து மாயக்காள் வந்தார். செல்லக்கிளியின் சித்தி. கல்குவாரிக் கூலி. அக்கா செத்ததும் பிள்ளையை இல்லத்தில் விட்டுவிட்டுப் போனவர். இப்படி ஒருத்தி என்றைக்காவது வந்தால் கேட்க வேண்டும் என்று சமீனாவிடம் ஆயிரம் கேள்வி இருந்தது. மாயக்காள் தரையில் உட்கார்ந்தார். சமீனா ஆரம்பிப்பதற்குள் அவரே கேட்டார்.

"காய்ச்சல்ல கெடந்தப்ப யாராச்சும் கூட இருந்தீகளா தாயி?"

"இருந்தோம்மா. எல்லாரும் இருந்தோம்." சமீனா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கணவரிடம்கூடச் சொல்லாததை அந்த அம்மாவிடம் சொன்னார். "ரெண்டு நாளு விட்டுட்டேன். வியாழக்கிழமையே கூட்டிட்டுப் போயிருக்கணும். மாத்திரையக் குடுத்துட்டு எஞ்சோலியப் பாக்கப் போயிட்டேன்."

மாயக்காள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் பன்னண்டு வருசம் விட்டுட்டேன்மா" என்றார்.

இரண்டு பேரும் அழுதார்கள். ரோகிணி மூன்று தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டுவிட்டு, செல்லக்கிளியின் ஒரு சுடிதாரை மட்டும் வாங்கிக்கொண்டு மாயக்காள் பஸ் ஏறினார்.

இப்போது செல்லூரிலும் சுற்றுவட்டாரத்திலும் சமீனா பெயரில் நாலு வாடகைப் பத்திரம் இருக்கிறது. ஒன்பது பெண்கள் குடியிருக்கிறார்கள். யாருக்குப் பதினெட்டு நெருங்குகிறது என்று இல்லத்தில் கேட்டு வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் முன்பே வீடு தேட ஆரம்பித்துவிடுகிறார். எல்லாம் நல்லபடியாக முடிவதில்லை. போன வருடம் ஒருத்தி சொல்லாமல் போய்விட்டாள். எங்கே இருக்கிறாள் என்று இன்றுவரை தெரியவில்லை. சந்தில் சில வீடுகள் சமீனாவைக் கண்டாலே, "அந்த மாதிரிப் புள்ளைகன்னா வேணாம்மா" என்று கதவைச் சாத்துகின்றன. அவர் அடுத்த வீட்டுக்குப் போகிறார்.