எண்ணெய் தடவிய படகு

என் கணவர் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்தபோது கையில் ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. அங்கே சண்டை மூண்டு, அவர் வேலை பார்த்த ஃபைபர் தண்ணீர்த்தொட்டி தொழிற்சாலையை அப்படியே போட்டுவிட்டு முதலாளியே ஓடிப்போயிருந்தார். செம்பாக்கத்தில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. அதில் அவருக்கு நடக்க இடம் போதவில்லை. கூடத்திலிருந்து வாசல், வாசலிலிருந்து கொல்லை, மறுபடி கூடம். சொட்டாத குழாயை எல்லாம் ஸ்பேனர் வைத்து முறுக்கினார், அதற்கப்புறம் அவை சொட்ட ஆரம்பித்தன. மீனம்பாக்கத்தில் இறங்கப் போகிற விமானச் சத்தம் கேட்டால் சாப்பிடுகிற கை நின்றுவிடும். அண்ணாந்து பார்ப்பார். மேலே எங்கள் மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

கல்யாணமாகி இரண்டு மாதம் முழுசாகக் கூட இருக்கவில்லை, கிளம்பிப் போனவர் அவர். அதற்கப்புறம் வருஷக்கணக்கில் நாங்கள் குடும்பம் நடத்தியது கேசட்டில். லீவில் ஊருக்கு வருகிறவர்கள் யாரிடமாவது பேசிப் பதிவு செய்த கேசட்டைக் கொடுத்தனுப்புவார். நான் கேட்டுவிட்டு, வேறொன்றில் பேசி, திரும்பப் போகிறவரிடம் கொடுத்தனுப்புவேன். கேசட்டில் வாய் ஓயாமல் பேசுவார். அந்த ஊர் வெயில், அறையில் குறட்டை விடுகிறவன், ரொட்டி, மூக்கடைப்பு எல்லாம் வரும். நேரில் வந்து நின்ற மனிதருக்கோ என்னிடம் பேச ஒன்றுமே இருக்கவில்லை. எனக்கும்தான். ஒரு கேள்வி கேட்டால் உடனே பதில் வருவது இரண்டு பேருக்குமே பழக்கமில்லாமல் இருந்தது.

வந்த மாதமே மண்ணடியில் ஒரு ஏஜெண்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்தார். சண்டை ஓய்ந்ததும் விசா வரும் என்று அவன் சொல்லியிருந்தான். அவர் போய்விடுவாரா, என்னோடு இருப்பாரா என்பதுதான் எனக்குப் பொழுது விடிந்தால் முதல் நினைப்பு. வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டால் 'போவேன்' என்று சொல்லிவிடுவாரே என்று பயம்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய்விட்டு வந்தார். நான் பல்லாவரத்தில்தான் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் டைப்பிஸ்ட். தாம்பரத்தில் ரயில் இறங்கி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தால், வாசலில் ஒரு மூன்று சக்கர மீன்பாடி வண்டி நிற்கிறது. வண்டிமேல் குப்புறக் கவிழ்த்த ஒரு ஃபைபர் படகு. ஏதோ ஒரு கடற்கரை ஹோட்டலில் கழித்துக் கட்டியதாம். சந்தையில் பழைய சாமான் விற்கிறவர் அதை மூங்கில் நட்டுத் தன் கடைக்குக் கூரையாகப் போட்டிருந்தாராம். கூரையை விலை பேசி வாங்கிய ஒரே ஆள் என் வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும். கையிலிருந்த வெளிநாட்டுக் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்திருந்தார்.

வண்டிக்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "இன்னாக்கா, சாரு ஏரிய வூட்டாண்ட இட்டாரப் போறாரா, இல்ல வூட்ட ஏரிக்கு இட்டுகினு போறாரா?"

"அவரையே கேளுங்க" என்று உள்ளே போய்விட்டேன். எரிச்சலாக வந்தது. ஒரு மனுஷன் ஊர் திரும்பி வந்தால் பீரோ வாங்குவான், கிரைண்டர் வாங்குவான்.

"இது எதுக்கு?" என்று இரவு சாப்பாட்டின்போது கேட்டேன்.

"சரி பண்ணி ஏரியில விடலாம்."

"விட்டு?"

"சும்மா. ஒரு சுத்து போய்ட்டு வரலாம்."

கொல்லையில் செங்கல் அடுக்கி அதன்மேல் படகைக் கவிழ்த்து வைத்தார். அடிப்பக்கம் முழுக்க ஓட்டையும் விரிசலும். செலவில்லாமல்தான் செய்தாக வேண்டும் என்பதால் எல்லாமே மிச்சம் மீதிதான். ஜி.எஸ்.டி. ரோட்டில் தண்ணீர்த்தொட்டி செய்கிற பட்டறையில் சிநேகம் பிடித்து, டின் அடியில் தங்கிய ரெசின் பசையும் வெட்டி எறிந்த கண்ணாடி நார்த் துண்டுகளும் வாங்கி வந்தார். பிரஷுக்கு என் பழைய பெயின்ட் பிரஷ். கெட்டியாக்குகிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட ஒரு இங்க் ஃபில்லர். ஓட்டைகளைச் சுற்றி உப்புத்தாள் போட்டு நாள் பூராவும் தேய்த்தார். வழுவழுப்பு போய்ச் சொரசொரப்பானால்தான் ஒட்டு பிடிக்குமாம். தேய்த்த வெள்ளைத் தூள் துளசிமேல், காயப்போட்ட புடவைமேல், குழம்பில் கூட இருந்தது. எனக்கு மேலெல்லாம் அரித்தது. சண்டை போட நாக்கு துடிக்கும். ஆனால் முன்பின் சண்டை போட்டுப் பழகியிருந்தால்தானே.

அப்போது ஒன்று நடந்தது. ஏஜெண்டின் ஆள் ஒருவன் வீடு தேடி வந்தான். விசா வருகிற மாதிரி இருக்கிறது, தயாராக இருங்கள் என்றான். இவர் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைக்கவில்லை. "கையில ஒரு வேலை இருக்கு. இத முடிச்சிட்டு வரேன்னு சொல்லு" என்றார்.

அன்றைக்குத்தான் அந்தப் படகின்மேல் எனக்கு மரியாதை வந்தது. ஓட்டை இருக்கிற வரைக்கும் இவர் இருப்பார். ஆபீஸ் விட்டு வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் கொல்லைக்குப் போய், தேய்க்க இன்னும் எத்தனை ஓட்டை பாக்கி என்று பார்ப்பேன். பாக்கி இருந்தால் நிம்மதியாகக் காபி போடுவேன். அப்புறம் அவர் வேகமாகத் தேய்க்கிற சத்தம் கேட்டால் அடுப்படியில் நிலைகொள்ளாது.

ஆயுத பூஜை வந்தது. அன்று அவர் பட்டறையில் பூஜைப் பொரி வாங்கிவரப் போயிருந்தார். நான் வீட்டிலுள்ள சாமான்களை எல்லாம் துடைத்தேன். தையல் மெஷின், அரிவாள்மணை, இரும்பு உலக்கைப் பூண், சைக்கிள், சுத்தியல், ஸ்பேனர். எங்கள் அம்மா வீட்டு வழக்கப்படி எல்லாவற்றுக்கும் ஒரு கை தேங்காய் எண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைத்தேன். கொல்லையில் படகு தோலுரிந்து வெளிறிக் கிடந்தது. பூஜை நாளில் அப்படி விட மனசு வரவில்லை. ஒரு பழைய துணியை எண்ணெயில் நனைத்து மூக்கிலிருந்து வால் வரைக்கும் அழுத்தித் தேய்த்தேன். என்ன பளபளப்பு. பொட்டு வைத்து, ஒரு முழம் கதம்பமும் சாத்தினேன். வந்து பார்த்தவர் பொட்டைப் பார்த்துச் சிரித்தார். வெயிலில் எண்ணெய் காய்ந்து உள்ளே இழுத்துக்கொண்டிருந்ததால் அது அவர் கண்ணில் படவில்லை.

விஜயதசமியன்று நல்ல நாள் என்று ஒட்ட ஆரம்பித்தார். நாரை வைத்து, ரெசினைக் குழைத்துத் தடவி, நான்கைந்து நாளில் அத்தனை ஓட்டையும் மூடிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒட்டுப் போட்ட இடங்களை ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் சத்தம் பொக்கென்று கேட்டது. கத்தி முனையை நுழைத்து நெம்பினார். எண்ணெய் விட்ட கல்லிலிருந்து தோசை எழும்புகிற மாதிரி ஒட்டு முழுசாகக் கையோடு வந்தது. அடுத்ததும் வந்தது. எல்லாமே வந்தன.

"இது மேல என்ன பட்டுச்சு?"

"தேங்கா எண்ணெய்தான். ஆயுத பூஜைக்குத் தடவினேன்."

"போட்டுக்கு யாராவது எண்ணெய் தடவுவாங்களா?"

"தையல் மெஷினுக்குத் தடவறேன். அரிவாள்மணைக்குத் தடவறேன். உங்க சைக்கிளுக்குத் தடவறேன். இதுக்கு மட்டும் ஓரவஞ்சனை பண்ணச் சொல்றீங்களா?"

"அறிவிருக்கா உனக்கு?"

"அறிவிருந்தா கேசட்டுல குடும்பம் நடத்திக்கிட்டு உக்காந்திருப்பேனா?"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்தது. நான் நிறுத்தவில்லை. அவரும் நிறுத்தவில்லை. குழம்பில் விழுந்த தூளிலிருந்து, கல்யாணத்தில் அவர் அக்கா சொன்ன ஒரு சொல் வரைக்கும் எல்லாம் வந்துவிட்டது. வருஷக்கணக்கில் தங்கிப் போனதை ஒரே காலையில் கொட்டித் தீர்த்தோம். கடைசியில் என் வாயிலிருந்து இதுவும் விழுந்தது. "அந்த ஓட்டை எல்லாம் அடைஞ்சா நீங்க கிளம்பிடுவீங்க. எனக்குத் தெரியாதா?"

அவர் கத்தியைக் கீழே வைத்தார். கழன்று வந்த ஒரு ஒட்டைத் திருப்பிப் பார்த்து, "அங்க தொட்டி அச்சுக்கு நாங்களே மெழுகு தடவுவோம். ஒட்டக் கூடாதுன்னு" என்றார். பிறகு, "எண்ணெய் போறதுக்கு என்ன போடலாம்?" என்று என்னைக் கேட்டார்.

"சீயக்காய்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம் வெந்நீர் வைத்து இரண்டு பேருமாகப் படகுக்குச் சீயக்காய் போட்டுத் தேய்த்தோம். அதற்கு மேல் அவர் தின்னர் விட்டுத் துடைத்து, மறுபடி உப்புத்தாள் போட்டார். இந்த முறை இங்க் ஃபில்லர் என் கையில். மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் ரெசின் இறுகாது என்பதால் மேலே பாலிதீன் கட்டி, வெயில் எட்டிப் பார்க்கிற நாளாகப் பார்த்து ஒவ்வொன்றாக ஒட்டினோம். நடுவில் நிறையச் சண்டை போட்டோம். அந்த மழைக்காலம் மாதிரி நான் பேசியதும் இல்லை, பேச்சு வாங்கியதும் இல்லை.

பொங்கல் முடிந்ததும் விசா வந்தது. போகிறாரா என்று இப்போது கேட்க முடிந்தது. கேட்டேன். "இங்க பட்டறையில என்ன பெருசா கொடுத்துடுவான்" என்றார். போகிறேன் என்று அர்த்தம். அழுதேன். அவர் முன்னாலேயே அழுதேன், அதுவும் புதுசுதான்.

மூக்குப் பக்கம் உள்ளங்கை அகலத்தில் ஒரு ஓட்டை மட்டும் பாக்கி இருந்தது. "ரெசின் தீந்துபோச்சு. இது ஒண்ணு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். அதற்கப்புறம் வீட்டில் நான் நடக்க ஆரம்பித்தேன். கூடம், வாசல், கொல்லை. விமானச் சத்தம் கேட்டால் நானும் அண்ணாந்தேன். ஒரு நாள் அரிசி டிரம்மை நகர்த்திப் பெருக்கியபோது பின்னால் ரெசின் டின் இருந்தது. ஆட்டிப் பார்த்தேன். உள்ளே தளும்பியது. தீரவில்லை என்று தெரிந்தே சொல்லியிருக்கிறாரா, மறந்துபோனாரா என்று புரியவில்லை. கேசட்டில் கேட்கவும் இல்லை. மறுபடி அந்தப் பழைய பயம்.

அடுத்த ஆயுத பூஜைக்கு வழக்கம்போல எல்லாவற்றையும் துடைத்தேன். எண்ணெய்க் கிண்ணத்தோடு படகுக்கிட்டே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு வாலிலிருந்து தடவிக்கொண்டே வந்து, அந்த ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் இடம் மட்டும் தடவாமல் விட்டேன்.

தீபாவளிக்குப் பக்கத்தில் ஒருவர் கேசட் கொண்டுவந்து கொடுத்தார். பூஜைக்கு முன்னாலேயே பேசியது, வந்து சேரத் தாமதமாகிவிட்டது. வெயில், ரொட்டி, புதுசாகக் குறட்டை விடுகிறவன். ஒரு பக்கம் முடிகிற இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஆயுத பூஜை வருதில்ல. போட்டுக்கு நீ எண்ணெய் தடவாம இருக்கமாட்டே, தெரியும். தடவிக்கோ. அந்த ஓட்டைகிட்ட மட்டும் வேணாம். ரெசின் அரிசி டிரம்முக்குப் பின்னால வெச்சிருக்கேன். நான் வந்துதான் ஒட்டணும்."

டேப்பை நிறுத்திவிட்டுக் கொல்லைக்குப் போனேன். ஓட்டையைச் சுற்றி விரலால் தொட்டுப் பார்த்தேன். சொரசொரவென்று, காய்ந்துதான் இருந்தது.